மனச்சிதைவுக்கு மருந்து உண்பவரின் இதயம்

“யாரோ நெஞ்சு மேல அம்மியத் தூக்கி வெச்சுட்டாங்க” என்றார் அண்ணன். 2019, இரவு பதினொரு மணி, ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அவருக்கு அப்போது 44 வயது. பணியிலிருந்த இளம் மருத்துவர் நாங்கள் கொண்டுபோன பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். மனச்சிதைவுக்கு ஓலான்சபின், இரவில் ஒன்று, பதினான்கு ஆண்டுகளாக. சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, “யாரு வெச்சாங்க? ஆளு கண்ணுக்குத் தெரியுதா? குரல் ஏதும் கேக்குதா?” என்று கேட்டார்.

அண்ணனுக்குச் சட்டை முழுக்க வேர்வை. பதில் சொல்லவில்லை. பதற்றம் என்று எழுதி, தூங்குவதற்கு ஓர் ஊசி போட்டார்கள். இசிஜி எடுத்தது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. பெரிய மாரடைப்பு. இதயத் தசையில் ஒரு பகுதி அதற்குள் செத்துப்போயிருந்தது.

வலியை நாம் இப்படித்தான் சொல்கிறோம். “மண்டைக்குள்ள யாரோ சுத்தியலால அடிக்கறாங்க” என்று ஒற்றைத் தலைவலிக்காரர் சொன்னால் அடிப்பது யார் என்று எந்த மருத்துவரும் கேட்பதில்லை. அண்ணன் சொன்ன அதே வாக்கியத்தை, மனநோய்ச் சீட்டு இல்லாத ஒரு லாரி ஓட்டுநர் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் இசிஜி எடுத்திருப்பார்கள். அந்த மருத்துவர் கெட்டவரும் அல்லர், சோம்பேறியும் அல்லர். அவருக்குப் பின்னால் இருபது பேர் காத்திருந்தார்கள். அவர் சீட்டைப் படித்தார், ஆளைப் பார்க்கவில்லை. இந்தத் தவறு உலகெங்கும் நடக்கிறது, எண்ணி எழுதியும் வைத்திருக்கிறார்கள் என்பதை நான் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு தேடிப் படித்தவற்றின் தொகுப்பு இது.

மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் இறந்துபோகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த கார்ஸ்டன் ஹியோர்தோய் குழு 2017இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டது. சராசரியாக 14.5 ஆண்டுகள் குறைகின்றன. இதைக் கேட்டதும் தற்கொலையைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். நோயின் தொடக்க ஆண்டுகளில் அந்த ஆபத்து நிஜமானது. ஆனால் மொத்தக் கணக்கில் அதிகம் பேரை எடுத்துக்கொள்வது உடல் நோய்கள், அவற்றில் முன்னால் நிற்பது இதயமும் ரத்தக்குழாயும். அதே 2017இல் கிறிஸ்டோஃப் கொரெல் குழு, கடுமையான மனநோய் உள்ள 32 லட்சம் பேரையும், அந்நோய் இல்லாத 11 கோடிக்கும் மேற்பட்டோரையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டியது. இதய நோயால் இறக்கும் வாய்ப்பு மனநோய் உள்ளவர்களுக்கு 85 விழுக்காடு கூடுதல். இன்னும் உறுத்தும் செய்தி ஒன்றை ஆஸ்திரேலியாவின் ஜான் மெக்ராத் குழு 2007இலேயே சொல்லிவிட்டது: பத்தாண்டுக்குப் பத்தாண்டு இந்த இடைவெளி விரிந்துகொண்டே வருகிறது. பொதுமக்களுக்கு இதய சிகிச்சை முன்னேறியது. அந்த முன்னேற்றம் இவர்களிடம் வந்து சேரவில்லை.

காரணம் என்ன என்று கேட்டால், கை முதலில் மருந்தை நோக்கித்தான் நீளும். அதற்கு நியாயம் உண்டு.

பாரிஸ் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலேவும் பியேர் டெனிக்கரும் 1952இல் குளோர்புரோமசினைக் கொடுத்துப் பார்த்ததோடு மனநோய் மருத்துவத்தின் வரலாறு திரும்பியது. அடைத்துவைக்கப்பட்டவர்கள் வீடு திரும்பினார்கள். அந்தத் தலைமுறை மருந்துகள் கைகால்களை இறுக்கின, நடுக்கம் தந்தன. 1990களில் வந்த இரண்டாம் தலைமுறை மருந்துகளில் அந்தத் தொல்லை குறைவு. ஓலான்சபின் 1996இல் சந்தைக்கு வந்தபோது அது பெரிய நிம்மதி. எங்கள் வீட்டுக்கும் அது நிம்மதியாகத்தான் வந்தது.

அண்ணன் நோயில் விழுந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுவார். மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம், “இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா” என்று கேட்டார். அம்மா சமையலறையில் நின்று அழுதார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து மிச்சச் சோற்றில் தண்ணீரூற்றிச் சாப்பிடுவார், அம்மாவும் எழுந்து ஊறுகாய் எடுத்துக் கொடுப்பார். வந்தவர்கள் எல்லோரும் “உடம்பு நல்லா தேறிட்டானே” என்றார்கள். ஓராண்டுக்குள் அரைஞாண் கயிற்றை மூன்று முறை அவிழ்த்து நீளமாகக் கட்டினோம். இடுப்பில் பதிந்த தடத்தைப் பார்த்தும் எங்களுக்கு எதுவும் தோன்றவில்லை. நம் ஊரில் உடம்பு தேறுவது என்றால் குணமாவது. இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கும்போது பயம் எப்படி வரும்?

அந்தப் பசி அவருடைய ஆசையல்ல. மூளையில் ‘போதும்’ என்று சொல்லும் வழிகளில் ஹிஸ்டமினும் செரட்டோனினும் வேலை செய்கின்றன. ஓலான்சபினும் க்ளோசபினும் அவ்விரண்டின் ஏற்பிகளையும் அடைத்துவிடுகின்றன. வயிறு நிறைந்தாலும் மூளைக்குச் செய்தி போவதில்லை. இன்சுலின் சுரப்பையும் இவை பாதிப்பதால், எடை அதிகம் ஏறாதவர்க்கும் சர்க்கரை ஏறக்கூடும். வாய் உலரும், அதற்குக் குளிர்பானமோ சர்க்கரை போட்ட டீயோ குடிப்பார்கள், ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. தூக்கக் கலக்கம் வேறு, நடமாட்டம் குறையும். அமெரிக்காவில் 1,493 பேரை வைத்து நடந்த கேட்டி என்ற பெரிய ஆய்வின் முடிவு 2005இல் வந்தது. ஓலான்சபின் சாப்பிட்டவர்களில் 30 விழுக்காட்டினருக்கு உடல் எடை 7 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருந்தது. மருந்துக்கு மருந்து இதில் வேறுபாடு உண்டு. ஓலான்சபினும் க்ளோசபினும் மேல்படியில் நிற்கின்றன. க்வெட்டியாபின், ரிஸ்பெரிடோன் நடுவில். அரிபிப்ரசோல், லுராசிடோன், ஜிப்ராசிடோன் கீழே.

எடை வழியாக வரும் கேடு ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும். இதயத் துடிப்பின் வழியாக வரும் கேடு சட்டென்று வரும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் தன் மின்னோட்டத்தைச் சரிசெய்துகொள்ள எடுக்கும் நேரத்தை இசிஜியில் க்யூடி இடைவெளி என்பார்கள். ஆண்களுக்கு 450 மில்லிநொடி, பெண்களுக்கு 470 வரை இயல்பு. 500ஐத் தாண்டினால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும் அபாயம் உண்டு. பல மனநோய் மருந்துகள் இந்த இடைவெளியை நீட்டுகின்றன. ஒரு காலத்தில் எங்கும் எழுதப்பட்ட தயோரிடசினுக்கு இதனால்தான் 2000இல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை வந்தது, 2005இல் அதைத் தயாரித்த நிறுவனமே விலக்கிக்கொண்டது. டென்னசி மாநிலத்தில் வேய்ன் ரே குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு, பழைய மருந்தானாலும் புதிய மருந்தானாலும் திடீர் இதய மரணம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று காட்டியது. அளவு கூடினால் ஆபத்தும் கூடுகிறது. இரண்டு மடங்கு என்பது பயமுறுத்தும் எண். ஆயிரம் பேர் ஓராண்டு மருந்து சாப்பிட்டால் ஏறத்தாழ மூன்று மரணங்கள் என்பது அதன் உண்மையான அளவு. சிறிய ஆபத்துதான், ஆனாலும் கண்டுபிடித்துத் தடுக்கக்கூடியது. வாந்திக்குக் கடையில் வாங்கும் டோம்பெரிடோன், ஒண்டன்செட்ரான், சளிக்கு எழுதும் அசித்ரோமைசின் ஆகியவையும் க்யூடியை நீட்டும். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இறங்கிய நாளில் இவை எல்லாம் ஒன்று சேர்ந்தால் ஆபத்து பெருகும். மருந்துக் கடையில் “வேற என்ன மாத்திரை சாப்பிடறாரு?” என்ற கேள்வி கேட்கப்பட்டாலே போதும், பாதிக் காவல் கிடைத்துவிடும். வீட்டாரும் மனநோய் மாத்திரையை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெட்கத்தில் மறைக்கிறோம். எங்கள் வீட்டிலும் மறைத்தோம்.

க்ளோசபினுக்கு ஒரு தனி வரி எழுதியாக வேண்டும். மற்ற மருந்துகள் கைவிட்டவர்களை மீட்பது அது. தொடங்கிய முதல் நான்கு வாரங்களில் சிலருக்கு இதயத் தசை அழற்சி வரலாம் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1999இல் கண்டுசொன்னார்கள். காய்ச்சல், நாடி வேகம், மூச்சு வாங்குதல் இருந்தால் அது சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்திரேலியாவில் அந்த வாரங்களில் வாரம் ஒருமுறை, இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

சரி, எல்லாக் குற்றமும் மருந்துக்குத்தானா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

குளோர்புரோமசின் வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் முன்பே, 1879இல், இங்கிலாந்தின் ஹென்றி மாட்ஸ்லி மனநோய் உள்ள குடும்பங்களில் நீரிழிவு அடிக்கடி தென்படுவதாக எழுதியிருக்கிறார். 2003இல் டப்ளின் நகரில், ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத புதிய நோயாளிகள் 26 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் ஆறில் ஒருவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பை மீறியிருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட ஆரோக்கியமானவர்களில் ஒருவருக்கும் அப்படி இல்லை. ஆகவே நோயின் கூடவே ஏதோ ஒரு பலவீனம் வருகிறது என்ற கருத்து வலுப்பட்டது. ஆனால் சென்னையிலிருந்து வேறொரு சேதி வந்தது. சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர். பத்மாவதி, ஸ்காட்லாந்தின் ராபின் மெக்ரீடி முதலியோர், பல ஆண்டுகள் நோய் இருந்தும் மருந்தே சாப்பிடாதவர்களைத் தேடிப்போய் அளந்தார்கள். ஐரோப்பாவில் அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். இங்கே சிகிச்சை எட்டாததால் இருந்தார்கள் என்பது நமக்குப் பெருமையல்ல. 2010இல் வெளியான முடிவு: அவர்களிடம் பருமனும் வளர்சிதைக் கோளாறும் குறைவாகவே இருந்தன. என்னுடைய வாசிப்பில் இரண்டும் முரணல்ல. விதை நோயோடு வருகிறது, அதற்கு நீர் ஊற்றுவது மருந்தும் சோறும் அசையாத உடம்பும். வறுமையில் மெலிந்த உடம்பில் அந்த விதை முளைக்காமல் கிடந்திருக்கலாம்.

எவ்வளவு விரைவாக முளைக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் ரெய்ஸ் ஆய்வு சாட்சி. முதல்முறை நோய் வந்த இளைஞர்கள், சராசரி வயது 24க்கும் கீழே, மருந்து சாப்பிட்டது சராசரியாக 47 நாட்கள்தான். அதற்குள் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தக் கொழுப்பு சரியில்லை. பாதிப்பேர் புகைப்பவர்கள்.

புகையைப் பற்றி நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் இதயத்தின் மிகப் பெரிய எதிரிகளில் அது ஒன்று, அதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம். ‘பாவம், அவனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான்’ என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். பல நாடுகளில் மனநோய் விடுதிகளிலேயே சொன்னபடி நடந்தால் பரிசாக சிகரெட் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அண்ணன் இருந்த ஒரு இடத்தில் குளித்து முடித்தவருக்கு ஒரு பீடி. நானே பார்த்தேன், சிரித்துக்கொண்டு பார்த்தேன், இன்று நினைத்தால் நெஞ்சு எரிகிறது. புகையை நிறுத்தினால் மனநோய் கிளம்பிவிடும் என்ற பயம் மருத்துவர்களிடமும் இருந்தது. 2016இல் வெளியான ஈகிள்ஸ் ஆய்வில் 8,144 பேர் கலந்துகொண்டார்கள், பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள். புகை நிறுத்த உதவும் வெரெனிக்லின் மாத்திரை மனநலத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் கெடுக்கவில்லை, நன்றாகவே வேலை செய்தது. ஒரு எச்சரிக்கை மட்டும். புகையிலுள்ள தார், க்ளோசபினையும் ஓலான்சபினையும் கல்லீரல் வேகமாகச் செரித்துத் தள்ளும்படி செய்கிறது. புகையை விட்டதும் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்தினால் அவர் அளவைக் குறைத்துக்கொள்வார். சொல்லாமல் நிறுத்தி மயங்கி விழுந்தால் ‘பீடியை விட்டதால் வந்தது’ என்று திரும்பவும் பீடியைக் கையில் கொடுத்துவிடுவோம்.

மருந்து, நோய், புகை. இம்மூன்றையும் கூட்டினாலும் கணக்கு நேராவதில்லை. மிச்சம் இருப்பதுதான் அந்த இரவு அவசரப் பிரிவில் எங்களுக்கு நேர்ந்தது.

பெஞ்சமின் ட்ரஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மாரடைப்பில் மருத்துவமனைக்கு வந்த 65 வயதுக்கு மேற்பட்ட 1,13,653 பேரின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார். 2000இல் வெளியான அந்த ஆய்வின்படி, மனச்சிதைவு உள்ளவருக்கு இதயக் குழாய்ப் பரிசோதனை நடக்கும் வாய்ப்பு மற்றவர்க்கு இருந்ததில் 41 விழுக்காடுதான். ஒரே காப்பீடு, ஒரே மாரடைப்பு. அடுத்த ஆண்டு அவர் ஒரு படி மேலே போனார். மாரடைப்புக்குப் பின் ஓராண்டுக்குள் இறக்கும் விகிதம் மனநோய் உள்ளவர்களிடம் அதிகம். ஆனால் அடைப்பை நீக்கியது, ஆஸ்பிரின், பீட்டா தடுப்பான் போன்ற சாதாரண மருந்துகள் கொடுத்தது, புகையை நிறுத்தச் சொன்னது என்று கிடைத்த சிகிச்சையின் தரத்தையும் கணக்கில் சேர்த்ததும், அந்தக் கூடுதல் மரணம் புள்ளிவிவரத்தில் தெளிவாகத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. இதை நான் பலமுறை படித்தேன். மனநோய் உள்ளவரின் இதயம் வேறு மாதிரியான இதயம் அல்ல. ஒரே வைத்தியத்தைக் கொடுத்தால் அதுவும் பிழைக்கிறது.

முன்னர் சொன்ன கேட்டி ஆய்வில் சேர்ந்தபோதே நிலைமை எப்படி இருந்தது என்றும் கணக்கெடுத்தார்கள். சர்க்கரை இருந்தவர்களில் 30 விழுக்காட்டினருக்கு அதற்கு எந்த மருந்தும் இல்லை. பிபி இருந்தவர்களில் 62 விழுக்காட்டினருக்கு மருந்து இல்லை. கொழுப்பு கூடியவர்களில் 88 விழுக்காட்டினருக்கு இல்லை. அமெரிக்காவில், ஆய்வுக்கு வரும் அளவுக்கு மருத்துவத்தோடு தொடர்பில் இருந்தவர்களின் கதை இது. மனநல மருத்துவர் ‘அது பொது மருத்துவர் வேலை’ என்கிறார். பொது மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு ‘உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க’ என்கிறார். கழுத்துக்கு மேல் ஒருவர், கழுத்துக்குக் கீழே யாருமில்லை.

இதையெல்லாம் படிக்கும் ஒரு குடும்பம், ‘அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமே’ என்று நினைக்கக்கூடும். தயவுசெய்து அங்கே போய்விடாதீர்கள். ஃபின்லாந்தில் 62,250 நோயாளிகளை இருபது ஆண்டுகள் வரை தொடர்ந்த ஆய்வை ஹைடி டைபாலே குழு 2020இல் வெளியிட்டது. மருந்து சாப்பிட்ட காலத்தில் மரணம் குறைவு, சாப்பிடாத காலத்தில் அதிகம். இதய நோய் மரணத்தைத் தனியே எடுத்தாலும் அதே முடிவுதான். எடையை அதிகம் ஏற்றும் க்ளோசபினைச் சாப்பிட்டவர்கள்தாம் மிகக் குறைவாக இறந்தார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவர் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருக்கக்கூடும், மருத்துவரை அடிக்கடி பார்க்கக்கூடும் என்ற ஐயம் நியாயமானது, இந்த வகை ஆய்வால் அதை முழுக்கத் தீர்க்க முடியாது. ஆனால் நோய் முற்றிய மனிதர் சோறு, தூக்கம், குளியல், பிபி மாத்திரை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார் என்பதை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஆய்வு சொல்ல வேண்டியதில்லை. மருந்து இதயத்துக்குச் சுமை ஏற்றுகிறது, மருந்தில்லாமை அதைவிடப் பெரிய சுமை ஏற்றுகிறது. சுமையை இறக்கும் வழியைத்தான் தேட வேண்டும்.

வழி இருக்கிறதா? முதலில் தோற்றவற்றைச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில் 428 பேர் சேர்ந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்கு ஓராண்டு தனிப் பயிற்சியாளர் வைத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் 414 பேர் சேர்ந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்குக் குழு வகுப்பு நடத்தினார்கள். இரண்டிலும் பலன் தெரியவில்லை. ஏற்கெனவே பருமனாகிப் பல ஆண்டுகள் ஆனவர்களிடம் ‘நடங்கள், குறைவாகச் சாப்பிடுங்கள்’ என்று சொல்வதால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தில் கெயில் டாமிட் நடத்திய ஆய்வு 2013இல் வேறு விதமான முடிவைத் தந்தது. நோயாளிகள் தினமும் வந்துபோகும் மறுவாழ்வு மையத்துக்குள்ளேயே உடற்பயிற்சியையும் சாப்பாட்டு ஆலோசனையையும் கொண்டுபோய், 18 மாதம் விடாமல் நடத்தினார்கள். மற்றவர்களைவிட 3.2 கிலோ குறைவு. கேட்கச் சிறிய எண்தான். ஆனால் மற்ற முயற்சிகளில் ஆறு மாதத்தில் திரும்பி ஏறிவிடும் எடை இங்கே ஏறவில்லை.

எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது சிட்னியின் போண்டை பகுதியில் ஜாக்கி கர்ட்டிஸ் குழு செய்தது. நோய் முதன்முறை வந்து மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள்ளேயே செவிலியர், உணவு ஆலோசகர், உடற்பயிற்சியாளர் மூவரும் இளைஞரோடு சேர்ந்துவிட்டார்கள். ஒன்றாகச் சமைத்தார்கள், கடைக்குப் போனார்கள். பன்னிரண்டு வாரத்தில் அவர்களுக்கு ஏறியது 1.8 கிலோ. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 7.8 கிலோ. முப்பது பேர்கூட இல்லாத சிறிய ஆய்வு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அது காட்டும் திசை சரியானது என்று நினைக்கிறேன். ஏறிய எடையை இறக்குவதைவிட ஏறாமல் பிடிப்பது எளிது, அதற்கான காலம் முதல் மூன்று மாதம்.

மருந்தாலும் உதவி உண்டு. சீனாவில் வூ ரென்ரொங் குழு 2008இல், மருந்தால் எடை ஏறிய 128 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மெட்ஃபார்மின் கொடுத்துப் பார்த்தது. உணவு, உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது. இரண்டையும் செய்தவர்களுக்கு இன்னும் அதிகம். சர்க்கரைக்காக நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கும் அதே மாத்திரை. ஓலான்சபின் போன்ற மருந்தைத் தொடங்கும்போதே மெட்ஃபார்மினைச் சேர்க்கலாம் என்று அயர்லாந்து ஆய்வாளர்கள் முன்னின்று 2024இல் வழிகாட்டுதல் எழுதியிருக்கிறார்கள். டென்மார்க்கில் லிராகுளுடைட் ஊசி பதினாறு வாரத்தில் ஐந்து கிலோ வித்தியாசம் காட்டியது. விலை பலருக்கு எட்டாது. கொழுப்புக்கு ஸ்டேடின், பிபிக்கு வழக்கமான மாத்திரைகள் எல்லாம் இவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே வேலை செய்கின்றன. மனநிலை நன்றாக நிலைத்தவர்க்கு, எடை ஏற்றாத மருந்துக்கு மெல்ல மாற்றிப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதும் உரிமைதான். மாற்றும்போது நோய் திரும்பும் ஆபத்து உண்டு, அதையும் அவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டியது அளப்பது. அமெரிக்க நீரிழிவு, மனநல மருத்துவச் சங்கங்கள் 2004இலேயே கால அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டன. மருந்து தொடங்கும் முன் எடை, இடுப்பளவு, பிபி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு. எடை மட்டும் 4, 8, 12 வாரங்களில், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பிபியும் சர்க்கரையும் கொழுப்பும் 12ஆம் வாரம் மறுபடி. இதில் கஷ்டமான பரிசோதனை எதுவும் இல்லை. நாங்கள் பதினான்கு ஆண்டுகள் மாதம் தவறாமல் மாத்திரை வரிசையில் நின்றோம். ஏறத்தாழ 168 முறை. அறைக் கதவுக்குப் பின்னால் எடை மெஷின் ஒன்று இருந்தது, அதன்மேல் பழைய கேஸ் ஷீட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அண்ணனை அதில் ஏறச் சொன்னவர் ஒருவரும் இல்லை, ஏற்றிவிடுங்கள் என்று நானும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வாய்ப்பு கையருகே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிபியையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறது, மாத்திரையும் கொடுக்கிறது. எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலப் பெண் அம்மாவுக்குத்தான் வந்தார். உள் அறையில் உட்கார்ந்திருந்த அண்ணனை அவர் பார்க்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. “அக்கா, உள்ள அண்ணன் இருக்காரு, அவருக்கும் கொஞ்சம் பாத்துருங்க” என்று நான் கேட்டபோது ஒரு கணம் தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அண்ணன் கையை நீட்டினார். அன்றுமுதல் இரண்டு பேருக்கும் பார்க்கிறார். மாவட்ட மனநலத் திட்டத்தின் பட்டியலில் உள்ள பெயர்களை இந்தத் தன்னார்வலர்களின் பட்டியலிலும் சேர்த்தால், புதுக் கட்டடமும் புதுப் பதவியும் இல்லாமல் பல உயிர்கள் காப்பாற்றப்படும். மனநோய் உள்ளவருக்கு உடல்நோய் உள்ளவரோடு சமமான சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சமம் அவசரப் பிரிவின் இசிஜி மெஷின் வரைக்கும் வர வேண்டும்.

அண்ணன் இருக்கிறார். ஸ்டென்ட் வைத்தோம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. படியேறினால் மூச்சு வாங்கும். ஓலான்சபினைக் குறைத்து மெல்ல வேறு மருந்துக்கு மாற்றினார்கள், மெட்ஃபார்மினும் ஸ்டேடினும் சாப்பிடுகிறார். இடுப்பு 104 சென்டிமீட்டரிலிருந்து 96க்கு வந்திருக்கிறது. நம் நாட்டு ஆண்களுக்கு எல்லை 90, பெண்களுக்கு 80.

உங்கள் வீட்டில் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், அரைஞாண் கயிறோ பாவாடை நாடாவோ இறுகுவதைக் கண்டதும் ‘தேறிவிட்டார்’ என்று சொல்லாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, எடை, பிபி, சர்க்கரை, கொழுப்பு கடைசியாக எப்போது பார்த்தது என்று கேளுங்கள். இசிஜி எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். என்றாவது அவர் நெஞ்சில் ஏதோ செய்கிறது என்றால், அம்மி என்று சொன்னாலும் பேய் என்று சொன்னாலும், இசிஜி எடுத்துப் பார்க்கும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.